டொராண்டோவில் செல்லாத லைசென்ஸ், பஃபலோவில் செல்லும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு, மணி எட்டேகால் இருக்கும். டொராண்டோ பியர்சன் விமான நிலையத்திலிருந்து நண்பர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். குரலில் பதற்றம்.

"அண்ணே, நியூவார்க் ஃப்ளைட்டுல ஏத்த மாட்டேங்கிறாங்க. பாஸ்போர்ட் எங்கேன்னு கேக்குறாங்க. இந்த லைசென்ஸை வெச்சுத்தானே காலையில பார்டர் தாண்டி வந்தேன்? போன மாசம் இதை வெச்சுத்தானே டல்லாஸுக்குப் பறந்தேன்?"

அவர் சொன்ன இரண்டும் உண்மை. அந்த அட்டையைக் காட்டித்தான் காலையில் எல்லையைத் தாண்டினார். அதே அட்டையைக் காட்டித்தான் முந்தின மாதம் விமானம் ஏறினார். எல்லைக்கும் செல்லும், விமானத்துக்கும் செல்லும் என்றால், விமானத்தில் எல்லையைத் தாண்டவும் செல்லும்தானே என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார். யார் இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கணக்கு தப்பு.

"தம்பி, அங்க நின்னு வாதாடாத. வண்டியைத் திருப்பு" என்றேன். அவருடைய அப்பா அப்போது நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் இருந்தார்.

நான் பஃபலோ பக்கம் பதினைந்து வருடமாக இருக்கிறேன். புதிதாக வருகிற நம்மவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது, லைசென்ஸ் அலுவலகத்துக்குக் கூடப்போவது என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பேன். இந்த நண்பர் காட்டியது என்ஹான்ஸ்டு லைசென்ஸ், அதாவது குடியுரிமைக்கும் சேர்த்துச் சாட்சி சொல்கிற ஓட்டுநர் உரிமம். அதை வாங்கும்போது கூடப்போனவனும் நான்தான். எங்கே செல்லும் என்று அன்று சொன்னேன். எங்கே செல்லாது என்பதை அழுத்தமாகச் சொல்லவில்லை. அந்த உறுத்தல் இருப்பதால்தான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். அவரிடமும் அவர் மனைவியிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒரே வண்டியில் மூன்று வகை ஆவணம்

குடும்பம் இருப்பது பஃபலோவை ஒட்டிய ஆம்ஹர்ஸ்ட் நகரத்தில். நண்பர் 2021இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். மனைவி இந்தியக் குடியுரிமையை இன்னும் விடவில்லை. கிரீன் கார்டு வைத்திருக்கிறார். மகன் பஃபலோவிலேயே பிறந்தவன், வயது பதினொன்று. நண்பருடைய அப்பா மதுரையிலிருந்து வந்து, நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் இளைய மகன், அதாவது நண்பருடைய தம்பி வீட்டில் தங்கியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை ஸ்கார்பரோவில், கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டுக் கல்யாணம். அன்று மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். பஃபலோவில் இருக்கிற தமிழர்களுக்கு டொராண்டோ பக்கத்து ஊர் மாதிரி. நல்ல முருங்கைக்காய் வேண்டுமென்றாலும், பிள்ளைக்குக் காதுகுத்தப் பட்டுப்பாவாடை எடுக்க வேண்டுமென்றாலும் ஸ்கார்பரோதான். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். இந்த நண்பரும் மூன்று வருடத்தில் ஏழெட்டு முறை போய்வந்திருக்கிறார்.

அன்று காலை, பஃபலோவிலிருந்து கனடாவுக்குப் போகும் பீஸ் பாலத்தில் கனடா அதிகாரியிடம் அவர் நீட்டியவை: தன்னுடைய என்ஹான்ஸ்டு லைசென்ஸ், மனைவியின் இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும், மகனின் பிறப்புச் சான்றிதழ். நண்பருடைய அமெரிக்கப் பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில் இருந்தது. மறந்துபோய் விட்டதில்லை. கல்யாணக் கூட்டத்தில் எங்கேயாவது தொலைந்துவிடப் போகிறது என்று வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்தார். பாஸ்போர்ட்டைச் சுமக்க வேண்டாம் என்றுதானே இந்த லைசென்ஸையே வாங்கினோம் என்பது அவர் எண்ணம்.

மாலை ஏழு மணிக்குத் தம்பியிடமிருந்து போன். அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஞ்சியோ செய்யப்போகிறார்கள். மண்டபத்திலிருந்தே போனில் நியூவார்க்குக்கு டிக்கெட் போட்டார். ஒன்றரை மணி நேரப் பயணம், இரவே போய்விடலாம். டிக்கெட் போடும்போது ஆவணம் எதுவும் கேட்கவில்லை. செக்-இன் செய்யும்போதுதான் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்டது. அந்தக் கட்டத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தார்; ஏற்கவில்லை. நேரில் பேசிக்கொள்ளலாம் என்று மனைவி, மகனோடு பியர்சனுக்கு வந்துவிட்டார். கவுண்டரில் இருந்த பெண் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தரைவழிக்கு மட்டும் சார்" என்று மெதுவாகச் சொன்னாராம்.

சாதா லைசென்ஸ், ரியல் ஐடி, என்ஹான்ஸ்டு

வண்டி ஓட்டும் உரிமையில் இந்த மூன்றுக்கும் இம்மியளவும் வித்தியாசம் இல்லை. அதே தேர்வு, அதே வண்டி வகை, அதே அபராதம். "என்ஹான்ஸ்டு" என்ற பெயரைக் கேட்டு லாரி ஓட்டலாமா, வேறு நாட்டில் ஓட்டலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கிடையாது. வித்தியாசமெல்லாம் அந்த அட்டை உங்களைப் பற்றி என்ன சாட்சி சொல்கிறது என்பதில்தான்.

நியூயார்க்கின் சாதா லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். கூட்டரசு காரியங்களுக்கு இது ஆகாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். ஓட்டத் தெரிந்தவர், இந்த மாநிலத்தில் வசிப்பவர், அவ்வளவுதான் அது சொல்வது. 2019இல் வந்த சட்டத்துக்குப் பிறகு குடியேற்ற நிலை எதுவாக இருந்தாலும் நியூயார்க்கில் இதை வாங்கலாம்.

ரியல் ஐடி என்றால் அட்டையின் மூலையில் நட்சத்திரம் இருக்கும். 2005இல் நிறைவேறிய சட்டம், பல முறை தள்ளிப்போய் ஒருவழியாக 2025 மே 7 அன்று அமலுக்கு வந்தது. உள்நாட்டு விமானம் ஏற, கூட்டரசுக் கட்டடங்களுக்குள் நுழைய இதுவோ, பாஸ்போர்ட் போல ஏற்கப்பட்ட வேறொரு ஆவணமோ வேண்டும். நீங்கள் யார், சட்டப்படி இந்த நாட்டில் இருக்கிறீர்களா என்பதை இது சொல்கிறது. எந்த நாட்டுக் குடிமகன் என்பதைச் சொல்லாது. அதனால் எச்-1பி விசாவில் இருப்பவரும் வாங்கலாம், கிரீன் கார்டுக்காரரும் வாங்கலாம். அதே காரணத்தால் எல்லையில் இதற்கு மதிப்பில்லை. நட்சத்திரத்தைக் காட்டிக் கனடாவிலிருந்து திரும்ப முடியாது.

என்ஹான்ஸ்டு லைசென்ஸில் நட்சத்திரத்துக்குப் பதில் அமெரிக்கக் கொடி இருக்கும். குடியுரிமையை நேரில் நிரூபித்தால்தான் தருவார்கள். ஆகவே, இவர் அமெரிக்கக் குடிமகன் என்று மாநில அரசே அட்டையில் எழுதித் தருவதற்குச் சமம் இது. கனடா, மெக்சிகோ, பெர்முடா, கரீபியன் நாடுகள் சிலவற்றிலிருந்து தரைவழியாகவோ கடல்வழியாகவோ திரும்பும்போது இது பாஸ்போர்ட்டுக்கு ஈடு. ரியல் ஐடி செய்கிற வேலையையும் இது செய்துவிடும், அதாவது உள்நாட்டு விமானம். நியூயார்க்கில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 30 டாலர் கூடுதல்.

எல்லா மாநிலமும் இதைத் தருவதில்லை. வாஷிங்டன், மிச்சிகன், மினசோட்டா, நியூயார்க், வெர்மாண்ட் ஆகிய ஐந்து மட்டும்தான். ஐந்தும் கனடாவை ஒட்டியவை. மெக்சிகோ எல்லையில் இருக்கிற ஒரு மாநிலமும் இன்றுவரை தரவில்லை. டெக்சாஸிலோ கலிஃபோர்னியாவிலோ இருக்கிற உறவினர் "எங்களுக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை" என்று கேட்டால், அவர்கள் மாநிலத்தில் கிடையாது என்பதுதான் பதில்.

வானத்துக்கு ஒரு சட்டம், தரைக்கு ஒரு சட்டம்

ஏன் இந்தப் பிரிவினை? இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு காலத்தில் பஃபலோக்காரர் கனடா போய்த் திரும்பும்போது, "எந்த நாட்டுக் குடிமகன்?" என்று கேட்பார்கள். "அமெரிக்கா" என்று வாயால் சொன்னால் போதும். சந்தேகம் வந்தால் லைசென்ஸும் பிறப்புச் சான்றிதழும் கேட்பார்கள். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அது மாறத் தொடங்கியது. 2004இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: அண்டை நாடுகளிலிருந்து திரும்பும் அமெரிக்கர்களும் பாஸ்போர்ட்டோ, அதற்கு ஈடான ஆவணமோ காட்டியாக வேண்டும். அதிலிருந்து பிறந்த ஏற்பாட்டை மேற்கு அரைக்கோளப் பயணத் திட்டம் என்பார்கள்.

விமானத்தில் வருபவர்களுக்கு இது 2007 ஜனவரி 23 அன்றே அமலானது. விமானத்தில் பறப்பவர்களில் நிறையப் பேரிடம் ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தது. தரைவழிதான் சிக்கல். எல்லையோர ஊர்க்காரர்கள் தினம் தினம் தாண்டுகிறவர்கள். கனடாவின் வின்ட்சரிலிருந்து டெட்ராய்ட் மருத்துவமனைகளுக்கு நர்ஸ்கள் வேலைக்கு வருகிறார்கள். மளிகை வாங்க, ஹாக்கி பார்க்க, அத்தை வீட்டுக்குப் போக என்று தாண்டுகிறவர்களிடம் திடீரென்று ஆளுக்கொரு பாஸ்போர்ட் கேட்டால் பாலங்களே வெறிச்சோடிவிடும் என்று எல்லை மாநிலங்கள் பயந்தன. அதுவும் வாஷிங்டன் மாநிலத்துக்கு 2010இல் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் வேறு கண்ணெதிரே நின்றது.

அந்த மாநிலம்தான் முதலில் வழி கண்டது. எல்லாருடைய சட்டைப்பையிலும் ஏற்கெனவே ஒரு லைசென்ஸ் இருக்கிறது. குடியுரிமையைச் சரிபார்த்து அதிலேயே பதிந்துவிட்டால் என்ன? உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையோடு 2007இல் ஒப்பந்தம் போட்டு, 2008 ஜனவரியில் அட்டை தர ஆரம்பித்தார்கள். அதே ஆண்டில் நியூயார்க்கும் தொடங்கியது. 2009 ஜூன் 1 அன்று தரைக்கும் கடலுக்கும் விதி அமலானபோது, இந்த அட்டையும் ஏற்கப்பட்ட ஆவணங்களில் ஒன்றாக நின்றது.

ஆக, என்ஹான்ஸ்டு லைசென்ஸ் என்பது பாஸ்போர்ட்டின் தம்பி இல்லை. எல்லையோரத்து மக்கள் வண்டியில் போய்வர ஏற்படுத்திய சலுகை. விமானத்துக்கான விதி அதற்கு முன்பே தனியாக முடிவாகிவிட்டது. அந்த விதிக்குள் இந்த அட்டையை யாரும் கொண்டுபோகவில்லை. உள்நாட்டு விமானத்தில் இதைக் காட்டுவது ஆளை அடையாளம் காண மட்டும். அங்கே குடியுரிமைக் கேள்வியே எழாது. பியர்சனிலிருந்து நியூவார்க் போவது என்ன தான் ஒன்றரை மணி நேரமாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது லண்டனிலிருந்து வருவதற்குச் சமம்.

கவுண்டர் பெண் சொன்ன "தரைவழிக்கு மட்டும்" என்ற இரண்டே சொல்லில் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

இரவு பாலத்தில்

அவர்கள் மூவரும் பியர்சனிலிருந்து கிளம்பும்போது மணி ஒன்பது. மனைவிதான் ஓட்டினார். "இவர் கையெல்லாம் நடுங்குது, ஸ்டியரிங்கை விடுங்கன்னு பிடுங்கிட்டேன்" என்றார் பின்னால் என்னிடம். பையன் கல்யாணத்துக்குப் போட்ட பட்டு வேட்டியோடு பின்சீட்டில் தூங்கிவிட்டான். மறுநாள் முகூர்த்தம் போனது போனதுதான்.

பீஸ் பாலத்தின் அமெரிக்கப் பக்கத்தில் பதினொரு மணிக்கு நான்கைந்து வண்டிதான் நின்றிருக்கிறது. இவர்கள் முறை வந்ததும் நண்பர் வழக்கம்போல லைசென்ஸை உறையிலிருந்து உருவிக் கையில் வைத்துக்கொண்டார்.

இந்த உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்ஹான்ஸ்டு லைசென்ஸ் தபாலில் வரும்போது கூடவே ஒரு உறை வரும். உள்ளே உலோகப் பூச்சு. அட்டைக்குள் ஒரு சின்னச் சில்லும் (சிப்) மெல்லிய ஆன்டெனாவும் இருக்கின்றன. பேட்டரி கிடையாது. எல்லையில் இருக்கும் கருவி ரேடியோ அலையை வீசும்போது, அந்த அலையின் சக்தியையே வாங்கிக்கொண்டு சில்லு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். இருபது முப்பது அடி தூரத்திலிருந்தே படிக்கலாம். உள்ளே பெயரோ பிறந்த தேதியோ படமோ இல்லை, ஒரு எண் மட்டும். அந்த எண்ணை வைத்து அதிகாரியின் கணினி பாதுகாப்பான தரவுத்தளத்திலிருந்து உங்கள் விவரத்தைக் கொண்டுவரும். அதிகாரியிடம் வண்டி போய் நிற்பதற்குள் உங்கள் முகம் அவருடைய திரையில் இருக்கும். சில்லு வேலை செய்யாவிட்டால் அட்டையின் பின்புறம் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல, இயந்திரம் படிக்கிற எழுத்து வரிகள் உண்டு. அதைத் தேய்த்துப் படித்துக்கொள்வார்கள்.

பாஸ்போர்ட் புத்தகத்துச் சில்லு இதற்கு நேர்மாறு. அதில் உங்கள் படமே இருக்கிறது. ஆனால் கருவியோடு ஒட்டிவைத்தால்தான் படிக்கும், பக்கத்தில் அச்சடித்திருப்பதை முதலில் படித்தால்தான் திறக்கும். லைசென்ஸ் சில்லு தூரத்தில் நிற்பவருக்கும் பேசும், ஆனால் எண்ணைத் தவிர வேறெதுவும் சொல்லாது. அந்த எண்ணே போதாதா, ஒரே எண்ணை ஊர் முழுக்கப் பின்தொடர்ந்தால் ஆளைப் பின்தொடர்ந்ததாகாதா என்று ஆரம்பத்திலேயே கேள்வி எழுந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரு தனியார் ஆய்வகத்தினரும் சேர்ந்து அந்த மாநிலத்தின் அட்டைகளைச் சோதித்தார்கள். சில்லின் எண்ணை வேறொரு சில்லில் நகலெடுக்க முடியும், உறைக்குள் இருக்கும்போதே சில சமயம் படிக்க முடியும் என்று காட்டினார்கள். இதற்காகப் பயந்து அட்டையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணை நகலெடுத்தாலும் அதிகாரியின் திரையில் வருவது உங்கள் முகம்தான். ஆனால் உறையைக் குப்பையில் போட்டுவிட்டு அட்டையைப் பர்சில் செருகி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் சொல்லாமல் இருக்க மாட்டேன். அது சும்மா தந்த கவர் இல்லை.

சரி, பாலத்துக்கு வருவோம். அதிகாரி எங்கே போனீர்கள், என்ன வாங்கி வருகிறீர்கள் என்று கேட்டார். நண்பருடைய லைசென்ஸை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. மனைவியின் கிரீன் கார்டை வாங்கிப் பார்த்தார். 2010க்குப் பிறகு வந்த கிரீன் கார்டுகளிலும் தூரத்திலிருந்து படிக்கிற சில்லு உண்டு. மகனுக்குப் பிறப்புச் சான்றிதழின் நகல் போதும். பதினாறு வயதுக்குக் கீழ் இருக்கும் அமெரிக்கக் குழந்தைகள் தரைவழியாக வர அதுவே போதும் என்பது விதி. ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

இதே குடும்பம் காலையில் கனடாவுக்குள் போகும்போது கணக்கு வேறு. அங்கே மனைவியின் கிரீன் கார்டு மட்டும் போதாது. 2022 ஏப்ரல் 26 முதல், கிரீன் கார்டுக்காரர்கள் எந்த வழியில் கனடாவுக்குள் போனாலும் சொந்த நாட்டுப் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் தரைவழிக்குக் கார்டு மட்டும் போதும் என்று இருந்த பழக்கத்தில் இன்றும் சிலர் பாலம் வரை போய்த் திரும்புகிறார்கள். இந்த வீட்டில் மனைவி அதில் கவனமாக இருந்தார். இரண்டையும் ஒரே பையில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நண்பர் பஃபலோ விமான நிலையத்தில் இருந்தார். நானும் கூடப் போயிருந்தேன். பாதுகாப்புச் சோதனையில் அதே லைசென்ஸைக் கருவிக்குள் வைத்தார். அதிகாரி திரையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தலையசைத்தார். முந்தின இரவு பியர்சனில் செல்லாத அட்டை. போகிற ஊரும் அதே நியூவார்க். நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒன்றும் பேசவில்லை.

அவர் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பது தாண்டியிருந்தது. இரவே ஸ்டென்ட் வைத்து முடித்திருந்தார்கள். உள்ளே கொண்டுபோகும்போது அப்பா பெரியவனைக் கேட்டாராம். "வந்துக்கிட்டிருக்கான்பா" என்று தம்பி சொல்லியிருக்கிறார். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையை நண்பர் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

எங்கே பிசகியது

நானும் அவரும் பிறகு உட்கார்ந்து இதைப் பேசினோம். முதல் பிசகு என்னுடையது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். 2022இல் நாங்கள் லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போனபோது எங்கள் கவனமெல்லாம் வேறொன்றில் இருந்தது: பெயர்.

என்ஹான்ஸ்டு லைசென்ஸுக்கு நேரில்தான் விண்ணப்பிக்க வேண்டும். குடியுரிமைக்குச் சான்று, சோஷியல் செக்யூரிட்டி அட்டை (அரசு ஆளுக்கொரு எண் தருகிற அட்டை), நியூயார்க்கில் வசிப்பதற்கான ஆதாரம் எல்லாம் வேண்டும், எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். நம்மவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். இந்த நண்பருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலி. மதுரையில் இனிஷியலோடு வளர்ந்தவருக்கு அந்தக் கட்டத்தில் எழுத என்ன இருக்கிறது? அமெரிக்கா வந்ததும் ஒரு ஆவணத்தில் முதல் பெயர் இல்லாதவராகவும், இன்னொன்றில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டவராகவும் ஆனார். குடியுரிமை வாங்கும்போது பெயரை ஒழுங்காக்கிக்கொண்டார். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் பழைய பெயரே கிடந்தது. முதல் முறை போனபோது விண்ணப்பத்தை ஏற்கவில்லை. முதலில் அந்த அட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி போனோம். இந்த அலைச்சலில், அட்டை கைக்கு வந்ததே பெரிய வெற்றி என்று ஆகிவிட்டது. அது எதற்குச் செல்லாது என்று உட்கார்ந்து பேச யாருக்கும் தோன்றவில்லை.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வந்திருக்கும், சில இடத்தில் மட்டும். குடியுரிமைச் சான்றிதழில் ஒரு பெயர், லைசென்ஸில் ஒரு பெயர் என்றால் இடையில் பெயர் மாறியதற்குத் தனியாக ஆவணம் கேட்பார்கள். குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றக் கேட்க வழி உண்டு. அதை விட்டால் பிறகு நீதிமன்றம், செலவு, அலைச்சல்.

இரண்டாவது பிசகு, 2025 வசந்தத்தில் எல்லா ஊரிலும் நடந்தது. மே 7 நெருங்க நெருங்க ரியல் ஐடி பற்றிய பேச்சுதான். எந்த அட்டை "விமானத்துக்குச் செல்லும்" என்ற பட்டியலில் என்ஹான்ஸ்டு லைசென்ஸும் இருந்தது. அது உள்நாட்டு விமானம் என்பது பட்டியலைப் போட்டவர்களுக்குத் தெரியும். படித்தவர்களுக்கு மனதில் நின்றது "விமானம்" மட்டும். அந்தப் பரபரப்பில் நண்பருடைய மனைவியும் அரை நாள் விடுப்பு எடுத்து வரிசையில் நின்று ரியல் ஐடி வாங்கினார். அவருக்கு அது தேவையே இல்லை. கிரீன் கார்டையே விமான நிலையத்தில் ஏற்கிறார்கள். அதுவும் பதினெட்டு வயது தாண்டிய கிரீன் கார்டுக்காரர் எப்போதும் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எப்படியும் பையில் இருக்கப்போகிற அட்டை.

மூன்றாவது, பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வீட்டில் வைப்பது என்ற நல்ல பழக்கம். இதைத் தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் போகிற வழியும் திரும்புகிற வழியும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பினால்தான் அந்தப் பழக்கம் சரிவரும். வண்டி பழுதாகலாம், உடம்புக்கு முடியாமல் போகலாம், இப்படி ஒரு போன் வரலாம். கரீபியன் பக்கம் கப்பலில் போகிறவர்களுக்கும் இதே கதைதான். அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்பும் கப்பலுக்கு என்ஹான்ஸ்டு லைசென்ஸ் போதும். நடுவில் ஏதோ ஒரு தீவில் இறங்கி விமானத்தில் திரும்ப வேண்டி வந்தால் போதாது.

யார் வாங்கலாம்

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது மாறிவிட்டது. மாதம் ஒருமுறை டொராண்டோவோ வின்ட்சரோ வண்டியில் போகிறீர்களா, அமெரிக்கக் குடிமகனா, இந்த ஐந்து மாநிலத்தில் ஒன்றில் இருக்கிறீர்களா? தாராளமாக வாங்குங்கள். டெட்ராய்ட் போன்ற பெரிய கடவுகளில் இத்தகைய சில்லு அட்டைக்காரர்களுக்கென்றே ரெடி லேன் என்று தனி வரிசை இருக்கிறது. வண்டியில் இருக்கும் பதினாறு வயதுக்கு மேற்பட்ட எல்லாரிடமும் அத்தகைய அட்டை இருந்தால் அதில் போகலாம்.

ஆனால் ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால் பாஸ்போர்ட் கார்டைப் பற்றி, அதாவது கூட்டரசு தரும் பர்ஸ் அளவு பாஸ்போர்ட் அட்டையைப் பற்றி யோசியுங்கள் என்கிறேன். அதே மாதிரித் தூரத்தில் படிக்கும் சில்லு, அதே ரெடி லேன், அதே தரைவழி கடல்வழி, உள்நாட்டு விமானத்துக்கும் அதே செல்லுபடி. பாஸ்போர்ட் இருப்பவருக்கு 30 டாலர், பத்து வருடம். முக்கியமாக, வேறு மாநிலத்துக்கு மாறிப்போனாலும் அது உங்களோடு வரும். என்ஹான்ஸ்டு லைசென்ஸோடு பஃபலோவிலிருந்து டெக்சாஸுக்கு வேலை மாறினால், அங்கே லைசென்ஸ் மாற்றும்போது அந்தச் சலுகை போய்விடும். ஐ.டி. வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் எத்தனை முறை மாநிலம் மாறுகிறார்கள் என்று பார்த்தால், இது சின்ன விஷயமில்லை.

கனடாவிலும் ஒரு காலத்தில் இப்படி ஓர் அட்டை இருந்தது. கியூபெக் 2014இல் நிறுத்திவிட்டது, ஒன்டாரியோ 2019இல் நிறுத்திவிட்டது. ஸ்கார்பரோவில் இருக்கும் சொந்தக்காரர் "எங்கட லைசென்ஸில இப்ப அது இல்லையே" என்றால் காரணம் இதுதான்.

அப்புறம் நெக்ஸஸ், முன்கூட்டியே சரிபார்த்த பயணிகளை அமெரிக்க-கனடா எல்லையில் சீக்கிரம் விடுவதற்கான அட்டை. அடிக்கடி போகிறவர்கள், கிரீன் கார்டுக்காரர்கள் உட்பட, அதற்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து வருடத்துக்கு 120 டாலர். நேர்காணல் உண்டு, காத்திருக்க வேண்டும். அது தனிக்கதை.

நண்பருடைய வீட்டில் இப்போது மனைவி குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார். போன வாரம் மூவரும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விண்ணப்பத்தின் பெயர்ப் பகுதியை நிரப்பினோம். அப்பா பெயரா, கணவர் பெயரா என்று அவர் ஒரு மணி நேரம் யோசித்தார். கடைசியில் அப்பா பெயரையே குடும்பப் பெயராக எழுதினார். என்ஹான்ஸ்டு லைசென்ஸ் வேண்டாமாம். சத்தியப்பிரமாணம் முடிந்ததும் பாஸ்போர்ட் புத்தகமும் கார்டும் ஒன்றாக வாங்கப்போகிறார்: புத்தகத்துக்கு 130, கார்டுக்கு 30, முதல் முறை என்பதால் 35, ஆக 195 டாலர். நண்பர் தன் லைசென்ஸை உறையில் போட்டுப் பர்சில் வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் இப்போது அலமாரியில் இல்லை. கனடா போகும்போதெல்லாம் மனைவியின் ரப்பர் பேண்ட் பையில் அதுவும் சேர்ந்து போகிறது.